மடியில் விதைத்தட்டு

ஹியேத்தவாரா, பின்லாந்து
பிப்ரவரி 19, வியாழன்

அன்பு மகள் சைலாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ நம்ப மாட்டாய் என்று தெரிந்தும் முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். நீயும் மாப்பிள்ளை டேரிலும் குட்டி மில்லாவும் அந்த ஊர் வெயிலில் வாடிப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும், மில்லாவுக்கு இருமல் நின்றதா இல்லையா என்று நீ போனில் சொல்லவே இல்லை, அதற்குள் நான் போனை வைத்துவிட்டேன். வைத்தது வைத்ததுதான், அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, ஆனால் ஏன் வைத்தேன் என்று மட்டும் சொல்கிறேன். நீ அழ ஆரம்பித்தாய். நீ அழுதால் நான் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன், சின்ன வயதிலிருந்தே உனக்கு அது தெரியும். இந்த விஷயத்தில் சரி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே அழ முடியாது. ஒரு காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கடைசி வரை படி.

கலெர்வோ உனக்கு என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியும், துவோவி சொல்லிவிட்டாள். ஆனால் அவர் எழுதாததையும் சேர்த்துச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். எங்கள் வரிசையில் நாலே நாலு வீடு, நடுவில் ஒரே முற்றம். ஒன்றாம் வீட்டில் கலெர்வோவும் அவர் மனைவி துவோவியும், இரண்டில் நான், மூன்றில் அர்மாஸ், நாலில் போன வருஷம் கைக்குழந்தையோடு குடிவந்த ரீக்காவும் அவள் புருஷனும். வீட்டுச் சங்கத்துக்குக் கலெர்வோதான் பதினோரு வருஷமாகத் தலைவர். வேறு யாரும் ஆகிறேன் என்று சொன்னதில்லை. ஜனவரி பதினாலாம் தேதி குப்பைக் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முற்றத்தில் பறவைகளுக்குத் தீனிப்பெட்டி வைப்பதும் தரையில் தீனி போடுவதும் இன்று முதல் தடை, காரணம் எலி, இப்படிக்குத் தலைவர். முந்தின நாள் சாயங்காலம் சலவை அறையில் ஐந்து நிமிஷக் கூட்டம் போட்டு மூன்றுக்கு ஒன்று என்று தீர்மானம் செய்தார்கள். அந்த ஒன்று நான். ஏன் கை தூக்கினாய் என்று அர்மாஸிடம் பிறகு கேட்டேன். "சவுனாக் குளியலுக்கு நெருப்புப் போட்டுட்டு வந்திருந்தேன் இர்யா, சீக்கிரம் முடியட்டும்னு தூக்கிட்டேன்" என்றான். இப்படித்தான் உலகத்தில் பல சட்டங்கள் பிறக்கின்றன என்று நினைக்கிறேன்.

எலி பொய் என்று நான் சொல்லவில்லை. நானே பார்த்தேன், கொட்டகைக்குப் பின்னால், வால் நீளமானது. ரீக்கா இந்த ஊர் வழக்கப்படி தன் குழந்தையைத் தினமும் மதியம் தள்ளுவண்டியில் வாசலில் தூங்க வைக்கிறாள், நீயும் அப்படித்தான் தூங்கினாய். "இர்யா, பறவை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, ஆனா எலி வண்டிக்குள்ள ஏறிச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கேட்டாள். அது நியாயமான பயம். அதனால் நான் அடுத்த நாளே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைக் கதவுக்கு அடியில் பனிக்கட்டி உறைந்து கதவு ஒரு சாண் மூடாமலே நின்றது, நவம்பரிலிருந்து அப்படித்தான், தலைவர் கண்ணில் அது படவில்லை. இரண்டு நாள் வெட்டினேன். கதவின் அடியில் தகரம் அடித்தேன், அர்மாஸ் ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பொறி வைத்தேன், இரண்டு எலி விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு கால்தடம்கூட இல்லை. போய்க் கலெர்வோவிடம் சொன்னேன். "நல்ல காரியம் பண்ணீங்க இர்யா. ஆனா தீர்மானம்னா தீர்மானம்" என்றார். நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து ஏணி போட்டு என் மூன்று தீனிப்பெட்டிகளையும் கழற்றிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார்.

சைலா, நீ என்னைக் கேட்டாய், ஒரு குளிர்காலம் தீனி போடாமல் இருந்தால் என்ன, பறவைகள் வேறு இடம் தேடிப் போகாதா என்று. அக்டோபரில் சொல்லியிருந்தால் போயிருக்கும். அக்டோபரில் நான் பெட்டியைத் தொங்கவிடாமல் இருந்திருந்தால் அவை அப்போதே வேறு முற்றம் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மூன்று மாதம் போட்டேன். இங்கே இருக்கிறது என்று அவற்றை நம்ப வைத்தேன். ஜனவரி நடுவில், பகல் ஐந்து மணி நேரம்கூட இல்லாதபோது, இன்று முதல் கிடையாது என்று சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை, எந்தச் சங்கத்துக்கும் இல்லை. நாற்பத்தொரு வருஷம் ஊர் ஊராகப் போய், உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டு மாடுகளுக்குப் பால் கறந்தவள் நான். கிறிஸ்துமஸ் அன்றும் கறந்தேன், உன்னைப் பெறுவதற்கு முந்தின காலையிலும் கறந்தேன். மாடு தீர்மானத்தைப் படிப்பதில்லை. குருவியும் படிப்பதில்லை.

பதினேழாம் தேதி பனி விழ ஆரம்பித்து மூன்று நாள் விடவே இல்லை. சமையலறை ஜன்னலின் பாதி வரை வந்துவிட்டது, கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். நாலாம் நாள் வானம் வெளுத்தது, வெளுத்ததும் குளிர் இறங்கிற்று, மைனஸ் முப்பத்துநான்கு. ஒன்பதரை மணிக்கு வெளிச்சம் வந்தபோது பார்த்தேன், பெட்டி தொங்கிய கிளையில் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. பட்டாணிக்குருவிகள், நெஞ்சு சிவந்த அந்தத் தடித்த சிட்டுகள், ஒரு மரங்கொத்தி. இறகை உப்பிக்கொண்டு உருண்டை உருண்டையாக, ஒன்றும் கத்தாமல், பெட்டி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு. கிளைக்கு அடியில் ஒரு பட்டாணிக்குருவி பனியில் மல்லாந்து கிடந்தது. எடுத்தேன், கல் மாதிரி இறுகியிருந்தது, ஆனால் கையில் வைத்தால் வைத்தது தெரியவில்லை. இந்தக் குளிரில் அந்த உடம்பு ஒரு இரவைத் தாண்ட வேண்டுமென்றால் பகல் முழுவதும் தின்றிருக்க வேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், மறுபடி கூட்டம் போட வேண்டும் என்று. கேட்டால் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். கலெர்வோ முழு இரண்டு வாரமும் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்வது? குப்பைக் கொட்டகைக்குப் போய் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தேன். பெட்டி வைக்கக் கூடாது. தரையில் போடக் கூடாது. அவ்வளவுதான் இருந்தது.

எனவே வாசலிலிருந்து கிளை வரை மண்வெட்டியால் ஒரு வழி வெட்டினேன், பனியில் ஓட அடியில் இரும்புச் சட்டம் வைத்த என் சறுக்குநாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினேன், மான்தோலை விரித்து உட்கார்ந்தேன். இரண்டு கம்பளிக் காலுறை, உன் அப்பாவின் கெட்டிக் கம்பளிப் பூட்ஸ், மேலங்கிக்குள் வெந்நீர்ப் பை, முகத்தில் கொழுப்புத் தடவிக்கொண்டேன், நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை. மடியில் ஒரு தட்டு, தட்டில் சூரியகாந்தி விதையும் கொஞ்சம் மாட்டுக்கொழுப்பும். பத்து நிமிஷம் எதுவும் இறங்கவில்லை. பிறகு ஒன்று வந்தது. பிறகு எல்லாம் வந்தன. கால் மணி நேரத்தில் கலெர்வோ வந்தார், தொப்பியைக்கூடச் சரியாகப் போடாமல். இது என்ன என்று கேட்டார். என் சாப்பாடு என்றேன். "சூரியகாந்தி விதையா?" "வயசான காலத்துல நார்ச்சத்து நல்லதாம், டாக்டர் சொன்னாரு." "குருவி திங்குதே இர்யா!" "பந்தியில வந்து உக்காந்தவங்களை எழுப்பி விடுற வழக்கம் எங்க வீட்ல இல்ல, கலெர்வோ." அவர் முகம் சிவந்தது குளிராலா கோபத்தாலா தெரியவில்லை. "இந்தக் குளிர்ல எத்தனை நாளு உக்காருவீங்கன்னு நானும் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாருங்கள் என்றேன். பார்த்தார்.

பதினாறு நாள் உட்கார்ந்தேன். காலை வெளிச்சம் வந்ததும் இருபது நிமிஷம், மதியம் ஒன்றரைக்கு இருபது நிமிஷம், வெளிச்சம் போவதற்கு முன் அவற்றின் வயிறு நிறைய வேண்டுமே. தட்டு ஒன்றில் இடம் போதாமல் பட்டாணிக்குருவிகள் என் இடது கைக்கு வர ஆரம்பித்தன. கம்பளி நூலில் அவற்றின் நகம் சிக்கிக்கொண்டது, ஒன்று தலைகீழாகத் தொங்கித் துடித்தது, அதனால் அந்தக் கையுறையில் இரண்டு விரலின் நுனியை வெட்டி எடுத்தேன். இங்கேதான் நீ கோபப்படப் போகிறாய். ஆமாம், நடுவிரலும் மோதிர விரலும் வெளுத்துவிட்டன. ஒன்பதாம் நாளே மரத்துப் போயிற்று, நான் கவனிக்கவில்லை, பிறகு கொப்புளம் வந்தது. சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டுவிட்டார்கள், ஒரு நகம் விழும், நுனியில் உணர்ச்சி திரும்புமா என்பது வசந்தத்தில்தான் தெரியும் என்கிறார்கள். நீ மருந்துக்கடையில் நின்று எத்தனை பேர் விரலைப் பார்த்திருப்பாய், என் விரலையும் அதில் ஒன்றாக வைத்துக்கொள். பன்னிரண்டாம் நாள் எழுந்திருக்கும்போது கால் விறைத்துத் தடுமாறினேன், மரத்தைப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. தட்டு விழுந்தது. தரையில் தீனி போட்டதாக ஆகிவிடக் கூடாதே என்று விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கலெர்வோ உனக்கு எழுதியிருக்கிறார், உங்கள் அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது, குளிரில் தனியாக உட்கார்ந்து பறவைகளோடு பேசுகிறார், யாராவது பொறுப்பு எடுக்க வேண்டும் என்று. பேசினேன், உண்மைதான். மாடுகளோடும் நாற்பது வருஷம் பேசியிருக்கிறேன், அப்போது யாரும் உனக்கு எழுதவில்லை. அவர் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை, அவர் எனக்கு எதிரி, எதிரி எதை வேண்டுமானாலும் செய்வான். நீ என்னைக் கேட்காமல் சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணினாய் பார், அதுதான் குளிரைவிட உள்ளே போயிற்று. பிப்ரவரி இரண்டாம் தேதி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கடிகாரம் வரையுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், மூன்று சொல்லை ஞாபகம் வையுங்கள் என்று அந்தச் சின்னப் பெண் கேட்டாள். முப்பதுக்கு இருபத்தொன்பது. தேதி தப்பு என்று ஒரு மதிப்பெண் குறைத்தாள். வெளியே வந்து சுவர் காலண்டரைப் பார்த்தால் தப்பு அவளுடையது. திரும்பி உள்ளே போய்ச் சொன்னேன். "ஐயோ மன்னிச்சுக்கங்க, நைட் டியூட்டி முடிச்சு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே முப்பது என்று திருத்தினாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. நாளைக்கு எனக்கு உண்மையிலேயே நினைவு தப்ப ஆரம்பித்தால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். அதுவரை என்னைப் பற்றிய சந்தேகத்தை என்னிடம் கேள், அம்மா உனக்குப் பைத்தியமா என்று நேராகவே கேள், நான் பதில் சொல்கிறேன்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். சலவை அறையில் நாலு நாற்காலி, துணி உலர்த்தும் கொடியில் ரீக்கா குழந்தையின் சட்டைகள், அவற்றுக்குக் கீழே தலைவர். நான் எலிப்பொறியையும் தகரத்தின் மிச்சத்தையும் கொண்டுபோய் வைத்து, கொட்டகைக் கதவின் கதையைச் சொன்னேன். அர்மாஸ் தலையாட்டினான். ரீக்கா பொறியையே பார்த்தாள். கலெர்வோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரி ஓட்டெடுப்போம், ஒன்றாம் வீடு தடைக்கு ஆதரவு என்று சொல்லி எழுதப் போனார். அப்போது கதவு திறந்தது. துவோவி. நுரையீரல் கெட்டதிலிருந்து, அக்டோபருக்குப் பிறகு அவள் வாசல் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை. வீட்டுச் செருப்பு, கலெர்வோவின் கோட்டு, முன்னால் தள்ளிப் பிடிக்கும் நடைவண்டி, அதன் சக்கரத்தில் பனி கட்டியிருந்தது. மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் நின்றாள். "துவோவி, நீ வீட்டுக்குப் போ, குளிரும்" என்று அவர் எழுந்தார். "வீடு என் பேர்ல இருக்கு கலெர்வோ, எங்க அப்பா காசுல வாங்கினது. போகணும்போது போவேன். ஒன்னாம் வீட்டு ஓட்டு யாருதுன்னு காகிதத்தை எடுத்துப் பாருங்க." யாரும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அது உண்மை என்று உடனே தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவள் சார்பில்தான் அவர் கை தூக்கியிருக்கிறார், அவரே மறந்துபோகும் அளவுக்கு.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னாள். "பதினாறு நாளா ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்குக் குருவியும் வேணாம், காக்காவும் வேணாம், நான் அதுக்குப் பேசல. அன்னிக்கு இந்தப் பொம்பளை தடுமாறி மரத்தைப் பிடிச்சா. நான் ஐயோன்னேன். நீங்க காப்பி குடிச்சுக்கிட்டே, இன்னும் ரெண்டு நாளு தாங்கும்னு சொன்னீங்க. அதுல எனக்கு நெஞ்சு உறைஞ்சு போச்சு. நாற்பத்தாறு வருஷம் உங்களோட இருந்திருக்கேன், நீங்க இப்படிப்பட்ட மனுஷன் இல்ல. ஒரு தாளுக்காக இப்படி ஆகாதீங்க." அவ்வளவுதான்.  பிறகு ரீக்கா வாய் திறந்தாள், பெட்டி தன் வாசல் பக்கம் இல்லாமல் என் சுவரோரத்து ஆப்பிள் மரத்துக்குப் போக வேண்டும், கீழே விதை சிந்தாமல் தட்டு கட்ட வேண்டும், வாரம் ஒரு முறை பெருக்க வேண்டும், அப்படியானால் தனக்குச் சம்மதம் என்றாள். ஒரே பெட்டிதான் என்றும் சொன்னாள். மூன்றுக்குப் பதில் ஒன்று, எனக்கு மனசில்லை, ஆனால் அவள் குழந்தைக்காகக் கேட்கிறாள், ஒத்துக்கொண்டேன். நான், துவோவி, ரீக்கா என்று மூன்று ஓட்டு. அர்மாஸிடம் கேட்டால் "மூணு போதும்ல? சவுனா சூடாகிட்டிருக்கு" என்கிறான். இவனைத் திருத்த முடியாது.

கலெர்வோ கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். சாவிக்கொத்தை எடுத்துச் சலவை எந்திரத்தின் மேல் வைத்தார், இனிமேல் நீங்களே பாத்துக்கங்க என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். அரை நிமிஷத்தில் திரும்பி வந்தார், கோபம் போய் அல்ல, வழியெல்லாம் வழுக்குப் பனி, துவோவி தனியாகப் போக முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அந்த முப்பது அடியை ஒரு யுகம் மாதிரி நடந்து போனார்கள். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நான் அவரோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று மட்டும் நீ நினைத்துக்கொள்ளாதே, ஆகவில்லை.

எத்தனை பறவை பிழைத்தது எத்தனை செத்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பனி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, ஏப்ரலில் உருகும்போதுதான் தெரியும், அப்போதும் நரி முந்திக்கொண்டிருக்கும். இன்று காலை பெட்டியில் எண்ணினேன், பட்டாணிக்குருவி மட்டும் பதினான்கு. எனக்கு அது போதும். நீ சொன்ன இன்னொரு விஷயம், வீட்டை விற்றுவிட்டு இலையுதிர் காலத்துக்குள் உன்னோடு வந்துவிட வேண்டும் என்பது. வர மாட்டேன், சைலா. அங்கே வந்து உன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யாருக்கும் தேவையில்லாமல் நூறு வயது வரை இருப்பதைவிட, இங்கே யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு எண்பது வரை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. உன் மேல் பாசமில்லாமல் சொல்லவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பார், கலெர்வோ பக்கம் ஓட்டும் போட்டிருப்பார், அந்த மனிதரோடும் முப்பது வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். நீ வா. மில்லாவைக் கூட்டிக்கொண்டு மார்ச்சில் வா, அப்போது பனி மேல் நடக்கிற அளவுக்கு இறுகியிருக்கும், வெயிலும் வரும், அவள் இன்னும் ஒரு பிடிப் பனியைக்கூடத் தொட்டதில்லை, வெட்கமாயில்லையா உனக்கு.

மருந்துக்கடையில் இரவு வேலை கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதே. டேரிலிடம் நான் கேட்டதாகச் சொல். மில்லாவின் இருமலுக்குத் தேனும் வெதுவெதுப்பான பாலும் கொடு, மருந்தெல்லாம் உனக்கே தெரியும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் வாழ வேண்டும், இந்தக் கிழவியின் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. கடைசியாக ஒன்று, மறக்காமல் மனதில் வை. அந்தச் சாவிக்கொத்தைச் சலவை எந்திரத்தின் மேலிருந்து எடுக்க ஆளில்லை. ரீக்கா குழந்தையைச் சாக்குச் சொன்னாள், அர்மாஸ் கூரையைப் பார்த்தான். கட்டுப் போட்ட கையாலேயே நான் எடுத்தேன். இனிமேல் எங்கள் சங்கத்திலிருந்து உனக்கு என்னைப் பற்றி ஏதாவது கடிதம் வந்தால் அடியில் என் கையெழுத்து இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் கிழித்துப் போடு.

இப்படிக்கு, உன் அம்மா
இர்யா ஹைக்குரி
தலைவர், வீட்டுச் சங்கம்